ஆரம்ப வகுப்பில் ஒரு வாரக் கற்றல்

குழந்தைக் கல்வியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் நோக்கத்தைப் பற்றியோ பாடத்திட்டத்தைப் பற்றியோ எழுதுவர். அந்நோக்கமும் பாடத்திட்டமும் ஆறு வயதுக் குழந்தையின் முன்னே திங்கட்கிழமை காலையில் எவ்வடிவு கொண்டு வந்து நிற்கின்றன என்பதை எழுதுவார் சிலரே. உயர் வகுப்புகளிற் கற்பிப்போர்க்கு நாற்பது நிமிடப் பாடவேளையே அளவை. ஆண்டிறுதிப் பரீட்சையே எல்லை. இளஞ் சிறாருக்கு இவ்விரண்டும் பொருந்தா. பாடவேளை மிகச் சிறிது. ஆண்டோ மிகப் பெரிது. இவற்றிற்கு இடைப்பட்ட வாரமே ஆரம்ப வகுப்பின் இயல்பான அளவை என்பதும், அவ்வாரத்தில் நாவும் கையும் பழகிய பின்னரே எழுத்து வருதல் வேண்டும் என்பதும் இக்கட்டுரை விளக்க முற்படும் கருத்துகளாம். எடுத்துக்காட்டாகக் கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களின் முதலாந் தர வகுப்பை எடுத்துக்கொள்வோம்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தின் அளவை வேறு. அங்கே மாணவன் மணலில் விரலால் எழுதி, அரிச்சுவடியை நெட்டுருச் செய்து, பின்னரே ஏட்டையும் எழுத்தாணியையும் கையிற் கொண்டான். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகளையும் ஒழுங்குறக் கற்ற பின்னரே சொல்லுக்கு வருவது மரபு. ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பாலபாடங்களை இயற்றி அச்சிட்டுப் படிமுறையாகக் கற்க வழிசெய்தமை இத்துறையிற் பெரியதொரு முன்னேற்றமாகும். மேனாட்டில், புரோபல் என்பார் 1837இல் செர்மனியிற் சிறுவர் பள்ளியொன்றைத் தொடங்கி விளையாட்டையே கல்வியின் வாயிலாக்கினார். மொண்டிசோரி அம்மையார் 1907இல் உரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றிற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்து, கையின் வழியே அறிவு வளர்வதைக் காட்டினார்.

இலங்கையிற் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளிலே தாய்மொழியே போதனா மொழியாதல் வேண்டும் என்னுங் கொள்கையும் அதனோடு வேரூன்றியது. பின்னர் 1998இற் கம்பகா மாவட்டத்திற் சோதித்துப் பார்க்கப்பட்டு, 1999இல் நாடெங்கும் பரப்பப்பட்ட சீர்திருத்தம், முதல் ஐந்து தரங்களையும் மூன்று முதன்மை நிலைகளாகப் பகுத்தது. வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை என மூவகைக் கற்றல் முறைகளை அது வகுத்தது. முதலாம் இரண்டாந் தரங்களில் விளையாட்டு மிகுதியாகவும் மேசைவேலை மிகக் குறைவாகவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்பவற்றைத் தனித்தனித் துண்டுகளாக்காமல் ஒரு பொருளைச் சுற்றி இணைத்துக் கற்பித்தலும் அதன் கருத்தே. இக்கருத்து வகுப்பறையில் உயிர்பெறுவதற்கு வாரம் என்னும் அளவையே ஏற்றது.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருங்கி அமைந்தவை. மீன்பிடி, நெற்செய்கை, வாணிகம், நெசவு என்பன இம்மக்களின் பழந்தொழில்கள். இங்குப் பாடசாலைக்கு வருங் குழந்தையின் வீட்டுமொழி தமிழே. ஆயினும் அது பாடநூலின் தமிழன்று. வீட்டிலே தந்தை வாப்பா, தாய் உம்மா, தமக்கை ராத்தா. தமையனைக் காக்கா என்று அழைக்கும் குழந்தைக்குச் சிறுவர் பாட்டிலே காக்கா பறந்து வந்து மரக்கிளையில் அமர்வது வியப்பாகவே இருக்கும். பிறகு என்பதற்கு அதன் நாவில் வருவது மறுகா என்னும் மட்டக்களப்பு வழக்கு. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் இவ்வாறு பிரிந்து நிற்பதைச் சாள்ஸ் பேகுசன் என்னும் மொழியியலறிஞர் 1959இல் இரட்டை வழக்கு நிலையென விளக்கினார். அவர் விரிவாக எடுத்தாண்ட மொழிகளுள் அரபும் ஒன்று. நம் குழந்தையோ காலையிற் பாடசாலையில் எழுத்துத் தமிழையும், மாலையிற் குர்ஆன் மத்ரஸாவில் அரபு எழுத்தையும் ஒருங்கே எதிர்கொள்கின்றது. ஒன்று இடமிருந்து வலமாகச் செல்லும். மற்றது வலமிருந்து இடமாகச் செல்லும். ஆறு வயதில் இரண்டு எழுத்து முறைகளைக் கைக்கொள்ளும் இக்குழந்தையை மந்தமானது என்று கூறுவோர் அதன் சுமையை அறியாதவரே.

இனி, மீன் என்னும் பொருளைக் கொண்டு ஒரு வாரத்தை அமைத்துக் காண்போம்.

திங்கட்கிழமை பேச்சுக்குரிய நாள். ஆசிரியை மேசைமேற் சில நெத்தலியும், ஒரு சூரையும், கிழிந்த வலைத்துண்டொன்றும், சில சிப்பிகளும் வைக்கின்றார். கொப்பி திறக்கப்படுவதில்லை. குழந்தைகள் தொட்டும் முகர்ந்தும் பார்க்கின்றனர்; செதிலை விரலாற் சுரண்டுகின்றனர்; கண்ணுக்கு இமையில்லை என்பதைக் கண்டு கூவுகின்றனர். ஒரு பிள்ளை, “வாப்பா கடலுக்குப் போனாரு, மறுகா மீனோட வந்தாரு” என்கின்றது. ‘மறுகா’ பிழையென்று ஆசிரியை தடுப்பாராயின் அப்பிள்ளை அன்று மீண்டும் வாய் திறவாது. அவர் செய்யவேண்டுவது, “அப்படியா மகள்? வாப்பா கடலுக்குப் போனார். பிறகு மீனோடு வந்தார். என்ன மீன் கொண்டு வந்தார்?” என்று அதே செய்தியைப் பாடசாலைத் தமிழில் ஏந்தித் திருப்பிக் கொடுப்பதே. குழந்தை கேள்விக்கு விடை கூறுகின்றது. கூறும்போதே புதிய வடிவைச் செவியில் வாங்கிக்கொள்கின்றது. திருத்தம் நடந்துவிட்டது, நாணம் நேரவில்லை.

இக்கரையிற் கடலைப் பற்றிப் பேசுதல் எப்போதும் எளிதன்று. 2004 திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் அம்பாறை மாவட்டத்தையே மிகக் கடுமையாகத் தாக்கியது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களிற் பல குடும்பங்கள் உறவினரை இழந்தன. இன்று முதலாந் தரத்தில் இருக்கும் குழந்தைகள் அதன்பின் நெடுங்காலங் கழித்துப் பிறந்தவர்கள். ஆயினும் அவர்தம் பெற்றோரிற் பலர் அன்று சிறுவர்களாய் அதைக் கண்டவர்கள். ஆதலால் கடல் என்றவுடன், வீட்டிற் கேட்ட ஒரு பெயர் குழந்தையின் வாயில் வருதல் கூடும். அவ்வேளையில் ஆசிரியர் பேச்சை மாற்றிவிடாது பொறுமையோடு கேட்டு, ஓரிரு சொல்லால் அன்பு காட்டி, பின்னர் வகுப்பை மெல்ல மீனுக்கு அழைத்து வருதல் வேண்டும். பாடக் குறிப்பேட்டில் இதற்கென ஒரு நிரல் இல்லை. திங்கட்கிழமையை எழுத்து வேலையால் நிரப்பிவிட்ட வகுப்பில் இதற்கு நேரமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை கைக்குரிய நாள். வகுப்பின் நடுவே ஒரு கயிறு நீட்டப்படுகின்றது, அது கரைவலை. குழந்தைகள் இரு பக்கமும் நின்று, கடற்றொழிலாளர் அம்பா பாடி வலை இழுப்பது போலத் தாளத்துக்கு இழுக்கின்றனர். மடியில் வந்த கடதாசி மீன்களைக் கூறு கூறாக வைத்துச் சந்தை நடத்துகின்றனர். இங்கே கணிதம் தானாக வந்து சேருகின்றது. ஏழு மீனை மூன்றும் நான்குமாகப் பிரிக்கலாம். ஐந்தும் இரண்டுமாகவும் பிரிக்கலாம். எவ்வாறு பிரித்தாலும் ஏழு ஏழே. வளர்ந்தோர்க்கு இது வெளிப்படை, குழந்தைக்கு அவ்வாறன்று. சுவிற்சர்லாந்து உளநூலறிஞர் பியாசே 1941இல் வெளியிட்ட எண் பற்றிய நூலில் இவ்வுண்மையை ஆராய்ந்துள்ளார். எட்டுச் சிப்பிகளை நெருக்கி ஒரு வரிசையாகவும், வேறு எட்டினை அகல விட்டு மற்றொரு வரிசையாகவும் வைத்தால், இவ்வயதுக் குழந்தைகளுட் பலர் நீண்ட வரிசையிலேயே சிப்பி அதிகம் என்பர். எண்ணத் தெரிந்த குழந்தையும் அவ்வாறு கூறுதல் உண்டு. எண்ணின் பெயரை ஒப்புவித்தல் வேறு, எண்ணின் நிலைபேற்றை உணர்தல் வேறு என்பது இதனால் விளங்கும். கரும்பலகையில் 3 + 4 = 7 என்று எழுதிப் பத்து முறை பார்த்தெழுதச் செய்வதால் இவ்வுணர்வு பிறவாது. சிப்பிகளைக் கையால் நகர்த்தி, சேர்த்து, மீண்டும் அகற்றிப் பார்க்கும் குழந்தையிடமே அது காலத்திற் பிறக்கும்.

புதன்கிழமை சொல்லிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் நாள். இரண்டு நாட்களாக நாவிற் புரண்ட சொற்களுள் அலை, வலை, விலை என்னும் மூன்றை ஆசிரியர் பலகையில் எழுதுகின்றார். அலை கடலிலும், வலை தோணியிலும், விலை சந்தையிலும் குழந்தை சந்தித்தவை; பொருள் கூற வேண்டியதில்லை. மூன்றன் இறுதியிலும் ஒரே ஒலி நிற்பதைச் செவி காண்கின்றது. ஒரே வடிவம் நிற்பதைக் கண் காண்கின்றது. அது ‘லை’. பின்னர்க் குழந்தைகளே இலை, தலை, மலை எனத் தேடிக் கொண்டுவருவர். ஓரெழுத்தைக் கற்று ஆறு சொற்களை வாசிக்கும் இன்பம் அன்று அவர்க்குக் கிட்டும்.

இவ்வெழுத்தில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. நாவில் லகரம் முந்தியும் ஐகாரம் பிந்தியும் வருகின்றன. எழுத்திலோ ஐகாரக் குறி முந்தி நிற்கின்றது. 1978இல் தமிழ்நாட்டரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன், ‘லை’ யானைத் துதிக்கை போன்ற வளைவோடு ஒரே உருவாக எழுதப்பட்டது. முதியோர் சிலரின் கையெழுத்தில் அதனை இன்னுங் காணலாம். இப்போது குறி தனியே முன்னிற்பதால், குழந்தை அதனை முன்னைய எழுத்தோடு சேர்த்துவிடுதல் எளிது. குர்ஆன் மத்ரஸாவில் உயிர்க்குறிகள் எழுத்தின் மேலும் கீழும் நிற்கக் கண்டு பழகிய கண்ணுக்கு, அவை முன்னும் பின்னும் நிற்பது மேலும் புதுமையானது. எனவே ஆசிரியர் சொல்லின் கீழே இடமிருந்து வலமாக விரலை மெல்ல ஓட்டி வாசித்துக் காட்டுதல் வேண்டும். குறியையும் எழுத்தையும் ஒரே அட்டையில் எழுதிப் பிரியாமல் வைத்துக் காட்டுதலும் நன்று. ‘மாலையில் ஓதும்போது எந்தப் பக்கமிருந்து தொடங்குவீர்கள்? இங்கே எந்தப் பக்கமிருந்து?’ என்று வெளிப்படையாகக் கேட்டு இரண்டையும் ஒப்பிடச் செய்தல் மிக்க பயனளிக்கும். குழந்தையின் இரட்டை அறிவு அவ்வாறு அதன் பெருமையாகின்றது.

வியாழக்கிழமை எழுதும் நாள். முதலிற் காற்றில் விரலாலும், பின் மணற் தட்டிலும், அதன்பின் கொப்பியிலும் எழுத்து இறங்குகின்றது. திண்ணைப் பள்ளியின் மணல் இங்கே தன் தகுதியை மீண்டும் நிலைநாட்டுகின்றது. மணலிற் பிழை அழியும். அழிப்பான் தேய்த்துக் கிழிந்த தாள் குழந்தையைக் கலங்கச் செய்வது போல மணல் செய்வதில்லை. ஒவ்வொரு குழந்தையும் ஒரு படம் வரைகின்றது. அதன் கீழே தான் கூற விரும்பும் ஒரு வாக்கியத்தைச் சொல்ல, ஆசிரியர் எழுதிக் கொடுக்கின்றார், குழந்தை அதனுட் தனக்குத் தெரிந்த எழுத்துகளை வட்டமிடுகின்றது, இயன்றதைப் பார்த்தெழுதுகின்றது. வாப்பா வலை இழுத்தார் என்று தன் வாக்கியத்தைத் தாளிற் காணும் குழந்தை, எழுத்து என்பது பேச்சைத் தங்கச் செய்யுங் கருவி என்னும் பேருண்மையை யாருஞ் சொல்லாமலே அறிந்துகொள்கின்றது.

வெள்ளிக்கிழமை மீட்டலுக்கும் அளவீட்டுக்கும் உரிய நாள். ஜும்ஆத் தொழுகையின் பொருட்டு அன்று நேரம் குறுகியது. ஆதலின் புதிதாக ஒன்றுங் கற்பித்தல் வேண்டா. குழந்தைகள் தம் படங்களைச் சுவரில் தொங்கவிட்டு ஒருவர் மற்றவர்க்கு வாசித்துக் காட்டுகின்றனர். ஆசிரியர் தம் குறிப்பேட்டைக் கையிற் கொண்டு மூன்று வினாக்களைத் தம்மிடமே கேட்டுக்கொள்கின்றார். இவ்வாரம் யார் பேசவில்லை? ஏழை இருவகையாகப் பிரிக்க யாரால் இயலவில்லை? ‘லை’ கண்ட இடத்தில் யார் தடுமாறினர்? இவற்றுக்கு விடையாக வரும் பெயர்களே அடுத்த வாரத்தின் தொடக்கம். பரீட்சையும் புள்ளியும் இன்றி நடக்கும் இவ்வளவீடே அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை உண்மையில் அளப்பது.

ஒரே பொருளை ஐந்து நாட்கள் நீட்டுதல் காலத்தை வீணாக்குவதன்றோ என்று ஐயுறுவார் உளர். செர்மானிய அறிஞர் எபிங்கௌஸ் 1885இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வு இதற்கு விடை தருகின்றது. அவர் தம்மையே சோதனைக்குள்ளாக்கிப் பொருளற்ற அசைகளின் தொடர்களை மனனஞ் செய்தார். ஒரே நாளில் தொடர்ந்து 68 தடவை படித்ததன் பயன், மூன்று நாட்களிற் பகிர்ந்து 38 தடவை படித்ததனாலேயே கிட்டியதைக் கண்டார். இடைவெளி விட்டு மீளக் கற்றதே நிலைக்கும் என்னும் இவ்வுண்மையைப் பின்வந்த ஆய்வுகள் பலவும் உறுதிப்படுத்தியுள்ளன. திங்களன்று ‘வலை’ என்று பேசியது, செவ்வாயன்று வலை இழுத்தது, புதனன்று அதை வாசித்தது, வியாழனன்று எழுதியது, வெள்ளியன்று பிறர்க்குக் காட்டியது ஆகிய ஐந்தும் ஒரே சொல்லை இடைவெளி விட்டு மீட்டல்களே. ஒவ்வொரு நாளும் வடிவம் மாறுவதாற் சலிப்பும் தோன்றாது. மருதமுனைத் தறிகளைப் பார்த்தவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். பாவு நேராக விரிந்து நின்றாலன்றி ஊடை ஓடாது. பேச்சும் கைவேலையும் பாவு. எழுத்து அதனூடே ஓடுவது.

வாரத்தின் பொருள் மீனாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. வாடைக்காற்று வீசிக் கடல் கொந்தளிக்குங் காலத்தில் மழையும் வெள்ளமும் பொருளாகலாம். பெரும்போக அறுவடையில் நெல் பொருளாகலாம். நோன்புப் பெருநாளை அடுத்துப் பிறையும் புத்தாடையும் பொருளாகலாம். ஊரின் பருவமே வகுப்பின் பாடவரிசையைத் தருகின்றது.

இம்முறைக்கு இடையூறு எங்கிருந்து வருகின்றது? பாடத்திட்டத்திலிருந்து வரவில்லை, அது இம்முறையையே வேண்டுகின்றது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் முதலாந் தரம்வரை நீண்டு விழுகின்றது. மாலையிற் பெற்றோர் கொப்பியைத் திறந்து, “இன்றைக்கு என்ன எழுதின நீ?” என்று கேட்கின்றனர். திங்களுக்கும் செவ்வாய்க்கும் காட்ட ஏதுமில்லை. அயல்வீட்டுப் பிள்ளையின் கொப்பியில் மூன்று பக்கம் நிறைந்திருக்கின்றது. மறுநாள் ஆசிரியரிடம் முறைப்பாடு வருகின்றது. ஆசிரியரும் இணங்கித் திங்கட்கிழமையையே எழுத்துக்குக் கொடுத்துவிடுகின்றார். இதன் விளைவு ஒரு வாரத்திலோ ஓராண்டிலோ தெரிவதில்லை. மூன்றாந் தரத்தில், ஒவ்வோர் எழுத்தையும் உரக்கக் கூறத் தெரிந்தும் வாசித்ததன் பொருளை உணராத சிறுவனாக அது வெளிப்படுகின்றது. முதலாந் தரத்தில் தன் வீட்டுச்சொல் பிழையெனக் கேட்டுப் பின் எந்த வகுப்பிலும் கை உயர்த்தாத சிறுமியாகவும் அது வெளிப்படுகின்றது. இவ்விழப்பைப் பின்னர் எந்தத் தனியார் வகுப்பும் முழுவதும் ஈடுசெய்தல் அரிது.

இக்கரையோரத்தின் கல்வி வரலாற்றிலே இம்மலரின் வாசகர் பெருமையோடு நினைக்கத்தக்க இருவர் உளர். ஒருவர், காரைதீவில் 1892இற் பிறந்து, அங்கும் கல்முனையிலும் இளமைக் கல்வி பெற்று, பின்னர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தைத் தனிப்படிப்பாலே பெற்று, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த சுவாமி விபுலாநந்தர். மற்றவர், யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்ற அறிஞர் ஏ. எம். ஏ. அசீஸ். அவர் 1942இற் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்து, விபுலாநந்தரின் நட்பைப் பெற்று, கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடக்கி வைத்தார். இந்துக் கல்லூரியில் ஊன்றிய வித்து முஸ்லிம் ஊர்களில் நிழல் தந்த வரலாறு இது. நம் மொழியும் நம் குழந்தைகளின் கல்வியும் சமய வேலிகளைக் கடந்து ஒன்றே என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆதலின் மூவரிடம் மூன்று வேண்டுகோள்கள். ஆசிரியர் திங்களையும் செவ்வாயையும் எழுத்து வேலைக்கு விட்டுக்கொடாது காத்தல் வேண்டும். அவ்விரு நாட்களில் நிகழ்ந்ததைப் பெற்றோர்க்கு எடுத்துரைக்கவும் வேண்டும். பெற்றோர் ‘என்ன எழுதினாய்?’ என்பதை விடுத்து ‘என்ன பேசினாய், என்ன பார்த்தாய்?’ என்று கேட்கப் பழகுதல் வேண்டும். இன்று இக்கல்லூரியிற் பயிலும் மாணவருள் நாளை ஆசிரியராவோர், முதலாந் தர வகுப்பைத் தாழ்ந்த பதவியாக எண்ணாதிருத்தல் வேண்டும். பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் கற்பிக்குந் தமிழுக்கும் முதல் ஒலி அங்கேதான், யாரோ ஓர் ஆசிரியை பொறுமையோடு கேட்டிருந்த ஒரு திங்கட்கிழமையில், பிறக்கின்றது.